தீர்ப்பு 1969லேயே வந்துவிட்டது

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்டிசப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும்,

அடையாள அட்டைக்காகவோ பேச்சுப் பயிற்சிக்காகவோ முதன்முதலில் ஒரு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தபோது உங்களிடம் கேட்ட கேள்விகள் இன்னும் ஞாபகம் இருக்கும். மாசமா இருந்தப்ப கீழே ஏதும் விழுந்தீங்களா? மனசுக்கு அதிர்ச்சி ஏதும் உண்டா? காய்ச்சல், மஞ்சக்காமாலை, மாத்திரை? சொந்தத்துல கட்டுனதா? சுகப்பிரசவமா, ஆபரேஷனா? புள்ள பொறந்ததும் அழுதுச்சா? எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டே போவார். பதில் சொல்லச் சொல்ல நமக்குத் தொண்டை அடைக்கும். அப்பா பக்கத்தில் இருந்தாலும் அவரைப் பார்த்து ஒரு கேள்வி வராது.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் மருத்துவக் காரணம் இருக்கிறது. பிறந்தவுடன் மூச்சுத் திணறியிருந்தால் மூளைக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். காமாலை முற்றியிருந்தால் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். வலிப்பு வந்திருந்தால் அதற்குத் தனி மருந்து. பேசாத பிள்ளை எல்லாம் ஆட்டிசப் பிள்ளை இல்லை என்பதால், வேறு எதுவும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் இதை நமக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே கேட்ட வரிசையிலேயே நம் மனசுக்குள் ஒரு குற்றப்பத்திரிகை தயாராகிவிடுகிறது.

ஒரு யோசனை சொல்கிறேன். இந்தப் பதில்களை எல்லாம் ஒரு தாளில் தேதியோடு எழுதி, பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மேசையில் கேட்டாலும் தாளை நீட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வாயால் சொல்லிச் சொல்லிப் புண்ணைக் கிளற வேண்டியதில்லை. வாங்கிப் படிக்கிறவர்களுக்கும் அதுதான் வசதி.

நம் ஊரில் விசாரணை அந்த மேசையோடு முடிவதும் இல்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, குலதெய்வத்துக்கு முடி இறக்காமல் விட்டாயா, தாய்ப்பால் பத்தாமல் டப்பாப் பால் கொடுத்தாயா, பிள்ளையை விட்டுவிட்டு நூறு நாள் வேலைக்குப் போனாயா, செல்போனைக் கையில் கொடுத்தாயா என்று அது வீடு வரைக்கும் வரும். நார்த்தாமலைத் திருவிழாவுக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தி வரைக்கும் ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். பாசத்தில் கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் எல்லாக் கேள்வியும் கடைசியில் வந்து நிற்பது அம்மாவின் வயிற்றில், இல்லாவிட்டால் அம்மாவின் வளர்ப்பில்.

படித்த மேல்நாட்டு டாக்டர்களும் இதையேதான் சொன்னார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த லியோ கானர் 1943இல் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது. பிள்ளைகள் பிறவியிலேயே இப்படித்தான் என்று அதில் அவர் எழுதியிருந்தார். ஆனாலும் பெற்றோர் பாசம் காட்டாதவர்களாக இருப்பதைப் பற்றியும் ஒரு குறிப்பு போட்டு வைத்தார். 1949இல் அதை இன்னும் விரித்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்ததுபோல் இந்தப் பிள்ளைகள் வளர்க்கப்பட்டார்கள் என்கிற பொருளில் எழுதிவிட்டார். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு தடித்த புத்தகமே போட்டு, தாயின் வெறுப்புதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். அந்தக் காலத்தில் எத்தனையோ தாய்மார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், தாங்கள் செய்யாத குற்றத்துக்கு வாரா வாரம் மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

இதை உடைத்தவர் ஒரு தகப்பன். பெர்னார்ட் ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் மகன் மார்க்குக்கு ஆட்டிசம். தன் மனைவி பிள்ளையை எப்படி வளர்த்தார் என்பதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று அவர் நம்பிவிடவில்லை. கிடைத்த ஆய்வுகளை எல்லாம் படித்து, இது உடம்பு சார்ந்தது, வளர்ப்பு சார்ந்தது இல்லை என்று 1964இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை கொடுத்தவர் அதே லியோ கானர். 1969இல் வாஷிங்டனில் பெற்றோர் சங்கம் கூடியபோது கானர் மேடையேறி, பெற்றோர்களான உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

குற்றம் சாட்டியவரே விடுதலையும் அறிவித்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்தத் தீர்ப்பு நகல் மட்டும் இன்னும் கறம்பக்குடிக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் வந்து சேரவில்லை.

அந்தத் தீர்ப்புக்குச் சான்றும் பிறகு வந்தது. பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும், ஒருவருக்காவது ஆட்டிசம் உள்ள இரட்டைப் பிள்ளைகள் 21 ஜோடியை ஆராய்ந்து 1977இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடியில் 4 ஜோடியில் இரண்டு பேருக்கும் ஆட்டிசம். தனித்தனிக் கருவாக வளர்ந்த 10 ஜோடியில் ஒன்றில்கூட இரண்டு பேருக்கும் இல்லை. அவர்களுக்கும் ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே சோறுதான். வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் பிறவியை நோக்கித்தான் கை காட்டின.

இதைச் சொன்னால் நம் பக்கத்தில் உடனே அடுத்த பஞ்சாயத்து கிளம்பும். "அப்ப இது யாரு வம்சத்துல வந்தது?" பெண் எடுத்த வீடு கொடுத்த வீட்டைப் பார்க்கும், கொடுத்த வீடு எடுத்த வீட்டைப் பார்க்கும். ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிறு சிறு கூறுகளாக இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேரலாம். அப்பாவுக்கும் இல்லாமல் அம்மாவுக்கும் இல்லாமல் பிள்ளையிடத்தில் புதிதாகத் தோன்றும் மாற்றங்களும் உண்டு. சொந்தத்தில் கட்டுவதால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் மரபியல் ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அத்தை மகனைக் கட்டியவர்களுக்கும் ஆட்டிசப் பிள்ளை பிறக்கிறது, ஆஸ்திரேலியாக்காரரைக் கட்டியவர்களுக்கும் பிறக்கிறது. மரபணுவை யாரும் சந்தையில் பொறுக்கி எடுத்து வயிற்றில் வைப்பதில்லை.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. தட்டம்மை ஊசி ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் போடுகிறார்கள். கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, சொன்ன வார்த்தை நின்றுபோவது எல்லாம் நம் கண்ணில் படுவதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான். அதனால் ஊசிதான் காரணம் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. 1998இல் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்து அப்படி எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் அவருடைய மருத்துவர் பதிவும் அதே ஆண்டு பறிபோனது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வந்த ஆய்வில் அந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு, கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிடக் கூடாது என்று பேட்டி கொடுக்க, அது நம் வாட்ஸ்அப் வரைக்கும் வந்து, காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை போட்ட பாவத்துக்கு எத்தனையோ பேர் அழுதார்கள். ஸ்வீடனில் ஏறத்தாழ 25 லட்சம் பிள்ளைகளை ஆராய்ந்து 2024இலேயே ஒரு முடிவு வந்திருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த மாத்திரைக்கு எந்தப் பங்கும் இல்லை. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் போன்ற ஒன்றிரண்டு மருந்துகள் மட்டும் கர்ப்பத்தில் ஆபத்தைக் கூட்டும். வலிப்பு உள்ளவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும்.

செல்போன்? குறைக்க வேண்டியதுதான். அதை வைத்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் நம்மோடு பேசாத நேரம். அதற்காக செல்போன்தான் ஆட்டிசத்தைக் கொண்டுவந்தது என்று ஒருவரும் உங்களைக் கூண்டில் ஏற்ற முடியாது. கானர் பார்த்த பிள்ளைகளின் வீட்டில் ஏது செல்போன்?

இவ்வளவு விலாவாரியாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்தக் குற்ற உணர்வு சும்மா மனசுக்குள் கிடந்து அரித்துவிட்டுப் போவதில்லை. கைக்காசையும் கரைக்கிறது. "நான்தானே கெடுத்தேன், நான்தானே சரி பண்ணணும்" என்று நினைக்கிற தாயிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம். நாக்கில் தடவும் லேகியம் விற்கலாம், பரிகாரம் விற்கலாம், ஆறே மாதத்தில் பேச வைக்கிறேன் என்று தொகுப்புக் கட்டணம் வாங்கலாம். தாலிக்கொடியை அடகு வைத்து ஸ்டெம்செல் ஊசிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல்லைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. இனி யாராவது குணப்படுத்துகிறேன் என்று சொன்னால், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எல்லாக் குற்ற உணர்வும் பொய் என்றும் நான் சொல்ல வரவில்லை. சோறு தட்டி விட்டதற்காக முதுகில் அறைந்தது, ஓடிவிடக் கூடாதென்று சன்னல் கம்பியில் கட்டிப் போட்டது, விருந்தாளி வந்தால் பின்கட்டில் வைத்துப் பூட்டியது, யாரோ சொன்னார்கள் என்று சூடு போட்டது என இவையெல்லாம் நம் வீடுகளில் நடக்கின்றன. இதற்கு மனசு குத்தினால் குத்தட்டும். அந்தக் குத்தலுக்குச் செவி கொடுக்க வேண்டும். பிள்ளையிடம் போய் உட்கார்ந்து, தடவிக் கொடுத்து, இனி இல்லை என்று முடிவெடுத்து, அதற்கு வேறு வழி என்ன என்று பயிற்றுநரிடம் கேட்க வேண்டும். பிள்ளை இப்படிப் பிறந்ததற்காக இருபது வருஷம் அழுகிறவர்கள் பல பேர் நேற்று அடித்த அடிக்கு ஒரு நிமிஷமும் வருந்துவதில்லை. இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஒன்று நம் கையில் இல்லாதது, இன்னொன்று நாளைக் காலையிலேயே மாற்றக்கூடியது.

என் மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. அவன் பேசுவது சில சொற்கள்தான். டவுன் பஸ்ஸில் ஏறும் முன் முன்சக்கரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஏர் ஹாரன் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் அப்படி உட்கார்ந்தபோது பின்னால் நின்ற அம்மா, "புள்ளைய அடக்கி வளக்கத் தெரியலன்னா எதுக்குக் கூட்டத்துக்குள்ள கூட்டியாறீங்க" என்றார். இப்படிக் கேட்பவர்களுக்கென்று நான் ஒரு பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். "அக்கா, நமக்குக் கேக்குறதவிட அவனுக்குச் சத்தம் அதிகமாக் கேக்கும். ஒரு நிமிஷம் பொறுங்க, எந்திரிச்சிருவான்." அழாமல், கும்பிடாமல், சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அந்த அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். எல்லாரும் நீட்டுவதில்லைதான். ஆனாலும் கையில் ஒரு பதில் தயாராக இருந்தால் வெளியே கிளம்பக் கால் வருகிறது. மைக்செட் அலறும் இடத்துக்குப் போக முடியாவிட்டால் பூச்சொரிதலுக்கு முந்தின நாள் சாயங்காலமே கோயிலுக்குப் போய்வருவது எங்கள் வழக்கம். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு புதுப் பழியும் வந்திருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள்தான் வீட்டுக்குப் போய், பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, எந்த இடத்தில் பிள்ளை தானாகத் திரும்பிப் பார்த்தது என்று அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் பெற்றோரை நாடிவருவது கூடியது. சென்னைக்குக் குடிபெயர முடியாத நமக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, முன்பு குறைக்குக் காரணம் அம்மா என்றவர்கள் இப்போது முன்னேற்றத்துக்குப் பொறுப்பும் அம்மா என்கிறார்கள். வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்த பயிற்சித் தாளில் பாதியை முடிக்கவில்லை என்றால் அந்த வாரம் பயிற்றுநர் முகத்தைப் பார்க்கவே நமக்குக் கூச்சம். வேண்டாம். கீரமங்கலம் பக்கம் பூக்கட்டும் வீடுகளில் பிள்ளை நாலு நாலு அரும்பாக எடுத்துக் கொடுக்க, நீங்கள் தொடுத்தால், விரலுக்கும் பயிற்சி, உங்கள் முறை என் முறை என்று காத்திருக்கவும் பயிற்சி. வெங்காயம் உரிப்பதும் துணி காயப்போடுவதும் அப்படித்தான். மிச்ச நேரம் நீங்கள் அம்மாவாக இருந்தால் போதும். தூங்குவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் அப்பாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கூட இல்லையே என்கிற உறுத்தலைப் பொம்மையாகவும் டேப்லட்டாகவும் அனுப்பி வைக்கிறீர்கள். அதைவிட உங்கள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, "இது அவ தப்பில்லம்மா, டாக்டரே சொல்லியாச்சு, இனிமே அந்தப் பேச்சு நம்ம வீட்டுல வேணாம்" என்று சொல்லுங்கள். மருமகள் ஆயிரம் தடவை சொன்னாலும் எடுபடாதது மகன் ஒரு தடவை சொன்னால் எடுபடும்.

ராத்திரி ரெண்டு மணிக்கும் தூங்காத பிள்ளையின் பின்னால் நடக்கும்போது, இது பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்து போயிருக்கும். மறு நிமிஷமே நாமெல்லாம் ஒரு தாயா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அது அலுப்பின் பேச்சு. அதை வெளியே சொன்னால் பாதி கரைந்துவிடும். அதுவே முற்றி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்ற ஆரம்பித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அதோடு அடுத்த வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

நம் பிள்ளைக்குச் சேர வேண்டியவை கருணையால் வருவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. தேசிய அடையாள அட்டை, வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை, பதினெட்டு வயதுக்குப் பிறகு ஆட்சியர் தலைமையிலான குழு வழியாகச் சட்டப் பாதுகாவலர் நியமனம் எல்லாம் உண்டு. தப்பு செய்தவர்போல் குனிந்து நிற்பவருக்கு இவற்றைக் கேட்டு வாங்க வாய் வராது. படிக்க விரும்புகிறவர்கள் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ நூலைத் தேடிப் பாருங்கள். அவரும் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன்தான்.

1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தெருமுனையில் நின்று கேலி பேசிய வாய்களைத் தாண்டித்தான் மிதித்துக்கொண்டு போனார்கள். தனியாகப் போயிருந்தால் முடிந்திருக்காது, கூட்டமாகப் போனார்கள். அந்தப் பெண்கள்தான் இன்று நம் பிள்ளைகளுக்கு அப்பத்தாவாகவும் அம்மாயியாகவும் இருக்கிறார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோர் மட்டும் கூடிப் பேசுவோம். டீயும் பிஸ்கட்டும் போதும், மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும். வரும்போது அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆலங்குடிப் பக்கத்திலிருந்து உங்களில் ஒருத்தி